மழைக்கால ஃப்ளூ காய்ச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். அடைமழை மாதங்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்க முடிந்தாலே பெரிய விஷயம். அந்த மூன்று நிமிடத்தில் நாக்கைப் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்து, மருந்து எழுதிக் கொடுப்பதற்குள் அடுத்தவர் கதவைத் திறந்துவிடுகிறார். கேட்க வந்ததைக் கேட்காமலேயே பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

“வைரல் ஃபீவர்” என்கிறார்கள், “ஃப்ளூ” என்கிறார்கள், “பன்றிக்காய்ச்சல்” என்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

வைரல் ஃபீவர் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. ஏதோ ஒரு வைரஸால் வந்த காய்ச்சல் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். டெங்குவும் வைரல் ஃபீவர்தான், சாதாரணச் சளியும் வைரல்தான். ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா என்ற குறிப்பிட்ட வைரஸால் வருவது. அதில் மனிதர்களை ஆண்டுதோறும் படுத்துபவை ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு வகைகள். ‘ஏ’ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு உட்பிரிவுகள் இப்போது சுற்றி வருகின்றன.

2009-இல் உலகையே கலக்கிய பன்றிக்காய்ச்சல்தான் இன்றைய எச்1என்1. அந்தப் பெருந்தொற்று முடிந்துவிட்டதாக 2010 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் வைரஸ் எங்கும் போய்விடவில்லை. வருடாவருடம் வந்து போகும் பருவக்கால ஃப்ளூவாக நம்மோடு தங்கிவிட்டது. அதனால் பரிசோதனை முடிவில் எச்1என்1 என்று இருந்தால் அரண்டுபோக வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம்.

சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வித்தியாசம்?

சளி மெல்ல வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், காய்ச்சல் லேசாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வேலைக்குப் போய்க்கொண்டே சளியைத் தாட்டிவிடலாம்.

ஃப்ளூ அப்படி வராது. “காலையில் நன்றாகத்தான் இருந்தேன் டாக்டர், மத்தியானம் வண்டி ஓட்டும்போதே உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது” என்பார்கள். நேரம் குறித்துச் சொல்லும் அளவுக்குத் திடீரென்று தாக்கும். 102, 103 டிகிரி காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலி, வறட்டு இருமல் எல்லாம் ஒன்றாக வரும். படுக்கையை விட்டு எழுந்திருக்க மனம் வராது. குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்வதுண்டு. வயதானவர்களிடம் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமலே போகலாம். சாப்பிட மறுப்பதும், பேச்சில் ஒரு குழப்பமும், வழக்கத்துக்கு மாறான தூக்கமுமே அவர்களிடம் முதல் அறிகுறியாக இருக்கும்.

அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் வருகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மற்ற எதையும்விட இந்தக் கேள்விக்கு அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். நம் ஊரில் ஃப்ளூவும் டெங்குவும் ஒரே வாரத்தில், ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டிலும் இருக்கின்றன.

இருமல், தொண்டை வலி, மூக்கு ஒழுகல் ஆகியவை முன்னால் நின்றால் ஃப்ளூவின் பக்கம் சாயலாம். மூக்கும் தொண்டையும் சுத்தமாக இருக்க, காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் மூட்டு, தசை வலியும் மட்டும் இருந்தால், அல்லது தோலில் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தால், டெங்குவை நினைக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு நாளில் அனுபவமுள்ள மருத்துவரே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை அடிக்கடி ஏற்படும். டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களுக்குள் எடுக்கும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை உதவும்.

எது என்று தெரியாத அந்த நாட்களில் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஃப்ளூ என்று நினைத்து இவற்றை விழுங்கி, அது டெங்குவாகப் போய்விட்டால் ரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிட்டதாக ஆகிவிடும். (இதய நோய்க்காக மருத்துவர் சொல்லித் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் அவரைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஃப்ளூ நேரத்தில் ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய் என்ற அரிய, கொடிய விளைவு அதனால் ஏற்படலாம்.)

இன்னொன்று. ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கியவுடன் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு போதல் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃப்ளூ வருடத்தில் எப்போது அதிகம் வரும்?

இடத்தைப் பொறுத்தது. ஸ்ரீநகரில் குளிர்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி உட்பட நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூர் போன்ற நம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் உச்சம். வருடத் தொடக்கத்தில் இன்னொரு சிறிய அலை வருவதும் உண்டு. 2023 மார்ச்சில் எச்3என்2 நாடு முழுவதும் பேசப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். தடுப்பூசி எப்போது போடுவது என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

எத்தனை நாளில் சரியாகும்? எத்தனை நாள் மற்றவர்களுக்குப் பரவும்?

வைரஸ் உள்ளே புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களில் அறிகுறி தெரியும். காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாள். இருமலும் அசதியும் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட இழுக்கும். இருமல் நிற்கவில்லையே என்று மூன்று மருத்துவர்களை மாற்றி, மூன்று விதமான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, நாளுக்கு நாள் குறைந்துதான் வருகிறது என்றால் அந்த இருமலுக்குப் பொறுமைதான் மருந்து.

அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூடுதலாகப் பரவலாம்.

வீட்டிலேயே இருந்துகொள்ளலாமா? எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மத்திய சுகாதாரத் துறை ஃப்ளூ நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி மட்டும் இருந்தால் ‘ஏ’. வீட்டில் ஓய்வு போதும், வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். ஆனால் ஓரிரு நாளில் மீண்டும் நிலைமையைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, நோயாளி ஆபத்துப் பிரிவைச் (யார் யார் என்று கீழே சொல்கிறேன்) சேர்ந்தவராக இருந்தாலோ ‘பி’. வீட்டில்தான் இருக்கலாம், ஆனால் மருத்துவர் அந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், மயக்க நிலை, ரத்த அழுத்தம் இறங்குதல், நகமும் உதடும் நீலம் பாய்தல் இருந்தால் ‘சி’. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

குழந்தையிடம் இதைப் பார்க்கும் விதம் வேறு. சட்டையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்வாங்கினால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கினால், பால் குடிக்க மறுத்தால், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், காலை வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

பெரியவர்களுக்கு விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பயன்படும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டிருப்பீர்கள், பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். அளவு 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம், இரவு ஒன்பது மணி இருக்கும். சுமார் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை மகன் பைக்கில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தான். சர்க்கரை நோய் உள்ளவர். ஆறாவது நாள் காய்ச்சல். நான்காவது நாள் காய்ச்சல் விட்டுவிட்டதால் கடை திறக்கப் போயிருக்கிறார். ஐந்தாவது நாள் மறுபடியும் குளிர் வந்திருக்கிறது. “அசதிதான் டாக்டர்” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கினார். விரலில் கருவியை மாட்டினால் 86. நகக்கண் வெளிறி நீலமாக இருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தார். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழித்துத் திரும்பி வந்தால் நுரையீரலில் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இரண்டாவது காய்ச்சலைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்துப் பிரிவு என்றால் யார் யார்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள். முதியவர்கள். கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்த பெண்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, சிறுநீரகம் அல்லது ஈரல் கோளாறு உள்ளவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாளாகச் சாப்பிடுகிறவர்கள், எச்ஐவி உள்ளவர்கள். மிகவும் பருமனானவர்கள்.

இந்த வரிசையில் நம் வீடுகளில் அதிகம் தவறவிடப்படுவது சர்க்கரை. “சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. காய்ச்சல் வந்தால் அது ஏறும். சாப்பாடு குறைந்துவிட்டது என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளந்து பார்த்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இதய நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அளவுக்குக் கூடியிருந்தது. காய்ச்சலோடு நெஞ்சில் அழுத்தம் வந்தால் அதைச் சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஃப்ளூவுக்கு என்று தனி மாத்திரை இருக்கிறதா?

இருக்கிறது. ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்புக்குள் புதிதாக உருவாகும் வைரஸ்கள் செல்லை விட்டு விடுபடவிடாமல் அது தடுக்கிறது. அதனால்தான் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்கிறோம். வைரஸ் பெருகி முடித்த பிறகு தடுப்பதற்கு அதிகம் மிச்சமிருக்காது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுப் பலன். ஆனாலும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் கொடுக்கிறோம்.

பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். குழந்தைகளுக்கு எடைக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், எனவே முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலருக்குக் குமட்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொடுக்கலாம். 2009-இல் கர்ப்பிணிகள் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள் என்று பார்த்தவர்கள், அவர்களுக்கு இந்த மாத்திரையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

முன்பு இது தனி உரிமம் உள்ள சில கடைகளில் மட்டுமே கிடைத்தது. 2017-இல் விதி மாறிய பிறகு மருந்துச் சீட்டைக் காட்டிச் சாதாரண மருந்துக்கடையிலும் வாங்கலாம். சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள். ஆபத்துப் பிரிவில் இல்லாத, லேசான காய்ச்சல் உள்ள ஒருவருக்கு இது தேவையே இல்லை.

இதைச் செய்வதற்கான மூலப்பொருள் பல காலம் நம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அதனால் அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் போதுமா என்று ஓர் ஆசிரியை ஆர்வமாகக் கேட்டார். போதாது. அதிலுள்ள ஷிகிமிக் அமிலம் தொழிற்சாலையில் பல படிகளைக் கடந்துதான் மருந்தாகிறது.

பரிசோதனை செய்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்துச் செய்யும் ஆர்டிபிசிஆர் பரிசோதனை, மருத்துவமனையில் சேர வேண்டியவர்களுக்கும் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறக்கூடியவர்களுக்கும்தான் தேவை. உடனடி முடிவு தரும் கிட் ‘இல்லை’ என்று காட்டினாலும் ஃப்ளூ இருக்கலாம். ஆபத்துப் பிரிவினருக்கு முடிவு வரும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கக் கூடாது.

“ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்.”

தினமும் கேட்கிறேன். கேட்கிறவர் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடு அவருடையது. ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஃப்ளூவைக் குணமாக்க இடுப்பில் போடும் ஊசி எதுவும் கிடையாது. காய்ச்சல் காலத்தில் போடப்படும் ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது வலி மருந்து, சில இடங்களில் ஸ்டீராய்டு. சில மணி நேரம் உடம்பு லேசாகும், வைரஸ் அப்படியே இருக்கும். டெங்குவாக இருந்தால் வலி ஊசி ஆபத்து, சர்க்கரை இருந்தால் ஸ்டீராய்டு ஆபத்து. வாயால் தண்ணீர் குடிக்க முடிகிறவருக்கு ட்ரிப்ஸும் தேவையில்லை.

ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். அசித்ரோமைசின் மூன்று நாள், அமாக்சிசிலின் ஐந்து நாள் என்று மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்குகிறார்கள். அவை பாக்டீரியாவைக் கொல்பவை, வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவ சங்கமே இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் அறிக்கை விட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரைதான் விரட்டியது என்று நம்பிவிடுகிறோம். மாத்திரை போடாவிட்டாலும் அது மூன்றாம் நாள் விட்டிருக்கும். அதே மருந்து பின்னொரு நாள் நிமோனியாவுக்குத் தேவைப்படும்போது வேலை செய்யாமல் போவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் தூக்கி வாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே படம். “இது தீர்ந்துவிட்டது, அதனால் இதில் ஒரு மூடி கொடுத்தேன் தம்பி” என்றார். முதல் பாட்டில் சிரப், 5 மில்லியில் 125 மில்லிகிராம். இரண்டாவது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம். 5 மில்லி மூடியில் ஊற்றினால் 500 மில்லிகிராம், ஒரு வேளையில் நான்கு மடங்கு. நல்லவேளையாக ஒரே ஒரு முறைதான் கொடுத்திருந்தார், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாராசிட்டமால் மிகுந்தால் ஈரல் பாதிக்கப்படும். 10 கிலோ குழந்தைக்கு 125 சிரப் என்றால் 5 மில்லி, 250 சிரப் என்றால் 2.5 மில்லி, சொட்டு மருந்து என்றால் சுமார் 1.2 மில்லி. பாட்டில் மாறும்போதெல்லாம் அட்டையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் மருந்துக்கடைக்காரரைப் பேனாவால் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். சளி மாத்திரை என்று தனியாக வாங்குவதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். நிமெசுலைட் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

இருமல் சிரப்?

சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். அந்தத் துயரம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு மத்திய அரசு மீண்டும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து தரக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக அவசியமில்லை. நச்சு இல்லாத நல்ல சிரப்கூட குழந்தையின் இருமலைக் குறைப்பதாக உறுதியாகக் காட்டப்படவில்லை. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

கஷாயம், நிலவேம்பு, ஆவி பிடித்தல் இவையெல்லாம்?

சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி போட்ட கஷாயம் தொண்டைக்கு இதம். வெதுவெதுப்பாக உள்ளே போகும் நீர் எதுவும் நல்லதுதான். மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள், நானும் வீட்டில் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். நிலவேம்புக் குடிநீரை டெங்கு காலங்களில் அரசே வழங்கியிருக்கிறது. குடிப்பவர்கள் குடிக்கட்டும். எனக்குள்ள கவலை ஒன்றுதான்: அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் முதல் 48 மணி நேரத்தைக் கழித்துவிடக் கூடாது.

ஆவி பிடித்தால் மூக்கு திறக்கும், வைரஸ் சாகாது. சிறு குழந்தைகளைப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

குளிக்கலாமா? என்ன சாப்பிடலாம்?

வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம், தலை துவட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், நடுக்கம்தான் கூடும். காய்ச்சலில் இருப்பவருக்குக் கம்பளி மேல் கம்பளி போர்த்த வேண்டாம்.

பசித்ததைச் சாப்பிடட்டும். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மோர், இளநீர். வாழைப்பழமும் தயிரும் ஃப்ளூவை மோசமாக்காது. சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃப்ளூ தடுப்பூசியை ஏன் வருடாவருடம் போட வேண்டும்?

இந்த வைரஸ் சும்மா இருப்பதில்லை. பெருகும்போதெல்லாம் அதன் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. போன வருடத்து எதிர்ப்புச் சக்திக்கு இந்த வருடத்து வைரஸை அடையாளம் தெரியாமல் போகலாம். போதாக்குறைக்கு ஊசி தந்த எதிர்ப்புச் சக்தியும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் அனுப்பும் மாதிரிகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. ‘பி’ வகையில் யமகட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. அதனால் நான்கு வகை ஊசியிலிருந்து மீண்டும் மூன்று வகைக்கு மாறி வருகிறார்கள்.

சில சமயம் மாற்றம் சிறியதாக இருக்காது, முற்றிலும் புதியது வந்துவிடும். 1957 மே மாதம் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது நம் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயன்சா மையம் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. இதை ஆராய்ந்து கண்காணிக்கும் மரபு நம் மாநிலத்தில் அவ்வளவு பழையது.

நம் ஊரில் எந்த மாதம் போடுவது? யாருக்கு? எங்கே?

ஊசி போட்டுப் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். தமிழ்நாட்டில் ஆவணி, புரட்டாசியில், அதாவது செப்டம்பர் முடிவதற்குள் போட்டுக்கொள்வது நல்லது. தவறிவிட்டால் மழைக்காலத்தின் நடுவில் போட்டாலும் பயன் உண்டு. மருந்துக்கடையில் ஊசி வாங்கும்போது அட்டையில் அந்த ஆண்டுக்குரியதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து யாருக்கும் போடலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், ஊசி போட முடியாத அந்த முதல் ஆறு மாதத்துக்குக் காவலாக நிற்கும். முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை, ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து மட்டும் கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

இந்த ஊசி அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் போட முடியாத வீட்டில் யாருக்கு முதலில் என்று கேட்பார்கள். கர்ப்பிணி இருந்தால் அவருக்கு. பிறகு சர்க்கரையோ இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவருக்கும், சின்னக் குழந்தைக்கும். திடகாத்திரமாக வேலைக்குப் போகிறவர் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டும் எனக்குக் காய்ச்சல் வந்ததே?

வரலாம். வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில்கூட அது மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு வரும் ஃப்ளூவைச் சுமார் 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. அது போடுவதன் பெரிய நோக்கம் நிமோனியா வராமல், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் காப்பது. மற்ற வைரஸ்களால் வரும் சளியை அது தடுக்காது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் ஊசியாலேயே ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் இருக்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது. மற்றவர்களை எப்படிக் காப்பது?

ஒரே அறை வீட்டில் “தனி அறையில் வையுங்கள்” என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. முடிந்ததைச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மழைச் சாரல் அடித்தாலும் ஒரு பக்கமாவது. ஏசி போட்டு மூடிய அறையில் எல்லோரும் சேர்ந்து தூங்க வேண்டாம். நோயாளி முகக்கவசம் போடட்டும். தலைமாட்டைத் திருப்பி ஆறடி விலகிப் படுங்கள். பாட்டியும் கைக்குழந்தையும் அந்த ஐந்து நாள் வேறு மூலையில் இருக்கட்டும். இருமும்போது முழங்கை மடிப்பில் இருமச் சொல்லுங்கள். கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். துண்டும் டம்ளரும் தனி. பாலூட்டும் தாய்க்கு வந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம்.

பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

பாராசிட்டமால் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு. காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்கு வகுப்பறையில் மறுபடி கொதிக்கும், பக்கத்துப் பிள்ளைக்கும் சேரும். தேர்வு இருக்கிறது என்றால் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் வெளியூரில். என்ன செய்து வைக்கலாம்?

தீபாவளிக்கு வரும்போது என்று தள்ளிப்போடாமல் புரட்டாசியிலேயே ஒரு சனி, ஞாயிறு போய்விட்டு வாருங்கள். ஃப்ளூ ஊசியைக் கையோடு போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, பாராசிட்டமால் ஒரு பட்டை, ஓஆர்எஸ் நாலைந்து பொட்டலம் வாங்கி வையுங்கள். அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மாத்திரை டப்பா மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். 104 மருத்துவ ஆலோசனைக்கு, 108 ஆம்புலன்சுக்கு என்று அதே தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, காலையில் அம்மா வாசல் தெளிக்கவில்லை என்றால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். போனில் பேசும்போது “காய்ச்சல் இருக்கிறதா” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். “மத்தியானம் என்ன சமைத்தாய் அம்மா” என்று கேளுங்கள். சமைக்கவில்லை என்றால் அன்றைக்கே யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.